மூன்று பவுன் முதல் இருபத்தொன்பதாயிரம் பவுன் வரை

மும்பையில் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் அணுசக்தி நகர் கிளையில் கூட்டம் குறைந்துவிடும். 2024 ஜூன் கடைசியில் அப்படி ஒரு மதியம். எனக்கு நன்றாகத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் குடையை மடக்கிக்கொண்டே வந்து எதிரே உட்கார்ந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். டிராம்பேயில் முப்பது வருஷத்துக்கு மேல் டெக்னீஷியனாக வேலை பார்த்து, ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வாஷிப் பக்கம் போய்விட்டார். பென்ஷன் மட்டும் இன்னும் எங்கள் கிளையில்தான். (அடையாளம் தெரியக்கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வங்கிக்காரன் வாயைக் கட்டத்தான் வேண்டும்.)

"தம்பி, இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு பவுன் வேணும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நமக்குப் பவுன் என்றால் எட்டு கிராம்தானே? 28,500 பவுன் என்றால் 228 கிலோ தங்கம்! அண்ணாச்சி என்ன, திருச்செந்தூர் கோபுரத்துக்குத் தகடு அடிக்கப் போகிறாரா என்று யோசிப்பதற்குள் அவரே சிரித்துவிட்டார். "நகைப் பவுன் இல்லப்பா. லண்டன் பவுன்."

விஷயம் இதுதான். அவர் தங்கையைக் கட்டிக்கொடுத்தது இங்கிலாந்தில். அந்தத் தங்கை மகனுக்கே தன் மகளைக் கொடுத்துவிட்டார். அத்தை மகன், சின்ன வயசிலிருந்து பேச்சு. பையன் அங்கேயே பிறந்த பிரிட்டிஷ் குடிமகன். ஒரு கடையில் வேலை, வருஷத்துக்கு 24,000 பவுன் சம்பளம். 2024 ஏப்ரல் 11 முதல் அங்கே மனைவியை அழைக்க வேண்டுமானால் கணவனுக்கு 29,000 பவுன் வருமானம் இருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். 5,000 பவுன் குறைகிறது. குறைகிற ஒவ்வொரு பவுனுக்கும் இரண்டரைப் பவுன் வீதம் சேமிப்பு காட்டலாம், ஆனால் அதற்குக் கீழே 16,000 பவுன் என்று ஒரு அடித்தளம் இருக்கிறது. அந்த 16,000 கணக்கிலேயே வராது. ஆக 5,000 பெருக்கல் 2.5, கூட்டல் 16,000. அண்ணாச்சி சொன்ன அதே 28,500. அன்றைய விலைக்கு முப்பது லட்ச ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே.

இதில் வேடிக்கை என்னவென்றால் மகள் இங்கே ஐ.டி. கம்பெனியில் நன்றாகச் சம்பாதிக்கிறாள். அந்தச் சம்பளம் ஒரு பைசாகூடக் கணக்கில் வராது. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் மனைவி என்ன சம்பாதித்தாலும் சட்டத்துக்கு அது பூஜ்யம்.

அண்ணாச்சியிடம் கிராஜுவிட்டியும் பி.எஃப்.பும் சேர்ந்த டெபாசிட் இருக்கிறது. பெற்றோர் அன்பளிப்பாகக் கொடுக்கலாம், கடனாக இருக்கக்கூடாது. சரி, அப்புறம் என்ன சிக்கல்? டெபாசிட் இருப்பது அப்பா, அம்மா, மகள் மூன்று பேர் பெயரிலும். நம் ஊர் வழக்கப்படி 'எனி ஒன் ஆர் சர்வைவர்'. அந்த ஊர் விதிப்படி பணம் மனைவி பெயரிலோ, கணவன் பெயரிலோ, இருவர் பெயரிலோதான் இருக்க வேண்டும். அப்பா பெயர் சேர்ந்திருந்தால் ஆகாது. அதுவும் முழுசாக ஆறு மாதம் அங்கேயே குடியிருந்திருக்க வேண்டும்.

இந்த ஆறு மாதக் கணக்கு ஏன் என்று வங்கியில் இருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். மார்ச் 31 அன்று உள்ளே வந்து ஏப்ரல் 2 அன்று வெளியே போகும் டெபாசிட்களை நாங்கள் பார்க்காததா? பி.காம். பாடப் புத்தகத்திலேயே 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்று ஒரு பக்கம் வரும். அதைத் தடுக்கத்தான் ஆறு மாதம். ஆனால் அண்ணாச்சிக்கு அதன் அர்த்தம் வேறு. தாலி கட்டிய மகள் இன்னும் ஆறு மாதம் புருஷனைப் பிரிந்திருக்க வேண்டும். அது விண்ணப்பிப்பதற்கே. முடிவு வர அதற்கு மேல்.

"ரிட்டையர்மென்ட் பணம் பூரா அவ பேர்ல போட்டுட்டா நாங்க ரெண்டு பேரும் என்னப்பா செய்யறது?" என்று கேட்டார். என்னிடம் சட்டென்று பதில் இல்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. காரணம் அண்ணாச்சி மட்டும் இல்லை, என் பாட்டி.

என் தாத்தா கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதினார். பாட்டி திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை தாத்தா வருவார், மூன்று மாதம் இருப்பார், போவார். பாட்டி கடைசி வரை கொழும்பைப் பார்த்ததில்லை. இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்று உங்களில் பலருக்குத் தெரியும். கடல் தாண்டிய தமிழனுக்கு, பெண்டாட்டியைக் கூட வைத்துக்கொள்வதற்கு எப்போதும் ஒரு விலை இருந்திருக்கிறது. எந்தக் காலத்தில் எவ்வளவு, யார் போட்ட விலை என்று ஒரு கணக்குப்பிள்ளை பேரனாக உட்கார்ந்து தேடிப் பார்த்தேன்.

'பவுன்' என்று ஆரம்பித்ததால் முதலில் நேட்டால்.

1860 நவம்பரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. ஐந்து வருஷ ஒப்பந்தம், கரும்புத் தோட்டம். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடி ஐந்தாம் வருஷம் 14. ஒப்பந்தம் முடிந்தவர்கள் அங்கேயே காய்கறி போட்டு, கடை வைத்துத் தங்க ஆரம்பித்ததும் வெள்ளைக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. 1895-இல் ஒரு சட்டம். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பாமலும், மறுபடி ஒப்பந்தத்தில் சேராமலும் தங்குகிறவர்கள் தலைக்கு வருஷம் மூன்று பவுன் கட்ட வேண்டும். முதலில் 25 பவுன் கேட்டார்கள், பேரம் பேசி மூன்றானது. மனைவிக்கும் தனியாக மூன்று. பின்னால் 16 வயது தாண்டிய மகனுக்கும் 13 வயது தாண்டிய மகளுக்கும் நீட்டிவிட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். கணவன், மனைவி, பெரிய மகன், மகள் நாலு பேர் என்றால் 12 பவுன், அதாவது 240 ஷில்லிங். மாதம் 14 ஷில்லிங் வாங்குகிறவனின் வருஷ வருமானமே 168 ஷில்லிங்தான். வருமானத்தை விட வரி அதிகம்! குடும்பத்தோடு இருக்காதே, ஊருக்குப் போ, இல்லாவிட்டால் மறுபடி கூலியாகச் சேர் என்பதைத்தான் அந்தச் சட்டம் நேரடியாகச் சொல்லாமல் பவுன் கணக்கில் சொன்னது.

இது போதாதென்று 1913 மார்ச் 14 அன்று கேப் நகரத்தில் நீதிபதி சீயர்ல் ஒரு தீர்ப்புக் கொடுத்தார். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத கல்யாணங்கள் குடியேற்றச் சட்டத்துக்குச் செல்லாது என்ற நிலை அதனால் வந்தது. ஒரே நாளில் நம் பாட்டிமார்கள் எல்லோரும் சட்டப்படி 'மனைவி' இல்லை என்றாகிவிட்டார்கள். அது வரை ஆண்களின் போராட்டமாக இருந்தது அப்போதுதான் பெண்களின் போராட்டமானது. டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை தாண்டி நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்த பெண்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தில்லையாடி வள்ளியம்மையை நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஒரு பத்தியில் சொல்லிக்கொடுத்தார்கள். பதினாறு வயசுப் பெண், சிறையில் வந்த காய்ச்சலில் 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். எந்தக் கோரிக்கைக்காக என்று அந்தப் பத்தியில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. மூன்று பவுன் வரியும், கல்யாணம் செல்லாது என்ற தீர்ப்பும்தான். அந்த வருஷமே வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் இரண்டையும் நீக்கியது.

இப்போது தாத்தாவின் கொழும்பு. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வருமானமும் மனைவியும் ஒரே சட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது இங்கேதான்.

1948-இல் சுதந்திர இலங்கை குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. தோட்டத் தமிழர்கள் ஏறக்குறைய எல்லோரும் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருஷம், 1949-இன் மூன்றாம் இலக்கச் சட்டம்: இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம். என்னென்ன வேண்டும்? 1946 ஜனவரி 1-க்கு முன்னால் விடாமல் குடியிருந்திருக்க வேண்டும். கல்யாணம் ஆனவர் என்றால் ஏழு வருஷம், ஆகாதவர் என்றால் பத்து. நடுவில் ஊருக்குப் போனால் ஒரு தடவைக்கு 12 மாதத்தைத் தாண்டக்கூடாது. அப்புறம், தன்னையும் தன்னை நம்பியிருப்பவர்களையும் காப்பாற்றப் போதுமான 'உறுதியான, நியாயமான வருமானம்' அல்லது தகுந்த தொழில் இருக்க வேண்டும். அதோடு, ஆண் விண்ணப்பித்தால் அவன் மனைவியும் இலங்கையிலேயே தொடர்ந்து குடியிருந்திருக்க வேண்டும்.

நியாயமான வருமானம் என்றால் எவ்வளவு? சட்டத்தில் எண் கிடையாது. விசாரிக்கிற அதிகாரிதான் முடிவு செய்ய வேண்டும்.

தாத்தாவுக்குச் சம்பளம் அறுபது ரூபாய், சாப்பாடு கடையில். அதில் இருபத்தைந்து மணியார்டர். அறுபது ரூபாயில் கொழும்பில் வீடு பிடித்துப் பெண்டாட்டி பிள்ளைகளைக் கொண்டுவந்து வைக்க முடியாது, அதனால் பாட்டி ஊரில் இருந்தாள். பாட்டி ஊரில் இருந்ததால் தாத்தாவுக்குத் தகுதி இல்லை. முதல் நிபந்தனை ஏழையாக இருந்தால் தடுக்கும், அதையும் தாண்டினால் ஏழையாக இருந்ததன் விளைவு இரண்டாம் நிபந்தனையாக வந்து தடுக்கும். தாத்தா விண்ணப்பமே போடவில்லை. 1957-இல் ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்து ஊரில் பெட்டிக்கடை வைத்தார். அப்பாவுக்கு அப்போது ஏழு வயது. "யாரோ ஒரு ஆள் வந்து நம்ம வீட்ல தங்கியிருக்காருன்னு நெனச்சேன்" என்று அப்பா சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

விண்ணப்பம் போட்டவர்கள் கதி? 1951 ஆகஸ்ட் 5 கடைசித் தேதி. இலங்கை இந்தியர் காங்கிரஸ் முதலில் புறக்கணிக்கச் சொல்லி, பின்னால் மனம் மாறிப் போடச் சொன்னதால் கடைசி நேரத்தில் விண்ணப்பங்கள் குவிந்தன. சுமார் 2,37,000 விண்ணப்பங்கள், அவற்றில் எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட மனிதர்கள். பத்து வருஷத்துக்கு மேல் இழுத்துக் கடைசியில் குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. மிச்சம் இருந்த 9,75,000 பேரை வைத்துத்தான் 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 அப்புறம் பார்க்கலாம் என்று பாகம் பிரித்தார்கள். பேலன்ஸ் ஷீட்டில் 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று போடுவோமே, அந்த ஒன்றரை லட்சம் அதுதான்.

கப்பலைக் கிழக்கே திருப்பினால் மலாயா. அங்கே 1931 கணக்கெடுப்பில் ஆயிரம் இந்திய ஆணுக்கு ஐந்நூறு பெண்கூட இல்லை. ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து போகிறவன் முதலில் தனியாகப் போவான், கையில் நாலு காசு சேர்ந்ததும் குடும்பத்தைக் கூப்பிடலாம் என்ற நினைப்பு. 1953 ஆகஸ்ட் 1 அன்று புதிய குடியேற்றச் சட்டம் அமலுக்கு வந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு மாதம் 500 வெள்ளிக்குக் குறையாத சம்பளத்தில் இரண்டு வருஷ ஒப்பந்தமாவது வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கோ கடைச் சிப்பந்திக்கோ அது கனவு. ஏற்கெனவே அங்கே இருப்பவர்களின் மனைவி மக்களுக்கு மட்டும் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. 1959-இல் அதையும் நெருக்கினார்கள். சம்பள வரம்பு 1,200 வெள்ளி ஆனது. 1954 டிசம்பருக்குப் பிறகு ஐந்து வருஷம் தொடர்ந்து கணவனைப் பிரிந்து வாழ்ந்த மனைவி வர முடியாது. ஆறு வயது தாண்டிய பிள்ளையும் வர முடியாது.

ஐந்து வருஷம் பிரிந்திருந்தால் அது கல்யாணமே இல்லை என்று நினைத்திருப்பார்கள் போல. டிக்கெட்டுக்குக் காசு சேர்க்கவே ஐந்து வருஷம் ஆகியிருக்கும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இங்கிலாந்துக்குத் திரும்புவோம். 1980-களில் அங்கே வேறு மாதிரித் தடை. குடியேறியிருக்கும் ஆண் மனைவியை அழைக்கலாம், அதே நிலையில் இருக்கும் பெண் கணவனை அழைப்பது கஷ்டம். மூன்று பெண்கள் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போய் 1985 மே 28 அன்று, இது ஆண் பெண் பாகுபாடு என்று தீர்ப்பு வாங்கினார்கள். அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? பெண்களுக்குக் கதவைத் திறப்பதற்குப் பதிலாக ஆண்களுக்கும் அதே கெடுபிடியைக் கொண்டுவந்து 'சமத்துவம்' ஆக்கிவிட்டது!

வருமான விஷயத்தில் 2012 வரை 'அரசு உதவியை நம்பாமல் பிழைக்க முடியுமா' என்பதுதான் கேள்வி. 2012 ஜூலை 9 முதல் 18,600 பவுன் என்ற எண் வந்தது. முதல் பிள்ளைக்கு 3,800, அடுத்தடுத்த பிள்ளைக்கு 2,400 கூடுதல். லண்டனில் இருந்தாலும் வாடகை குறைந்த வடக்கு ஊரில் இருந்தாலும் அதே எண். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2017 பிப்ரவரி 22 அன்று தீர்ப்பு வந்தது. (வள்ளியம்மை இறந்த அதே தேதி. நானாகக் கோக்கவில்லை.) வரம்பு வைப்பது தப்பில்லை, ஆனால் குழந்தைகளின் நலனையும், வேறு வழியில் வரும் நம்பகமான ஆதரவையும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு மறுப்பது தப்பு என்றார்கள் நீதிபதிகள். விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். 2023 டிசம்பரில் 38,700 பவுன் வரை ஏற்றப்போவதாக அறிவித்தார்கள். முதல் படி 29,000. பிள்ளைகளுக்கான கூடுதல் தொகை போய்விட்டது. 2024 ஜூலையில் ஆட்சி மாறியதும் அடுத்த படிகளை நிறுத்திவைத்தார்கள்.

கடன் கொடுக்கும் நாற்காலியில் பல வருஷம் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு குழப்பம் உண்டு. இலங்கைச் சட்டம் மாதிரி எண்ணே சொல்லாமல் 'நியாயமான' என்று விட்டால் அதிகாரி வைத்ததுதான் சட்டம். இங்கிலாந்து மாதிரி எண் சொல்லிவிட்டால் 28,999 பவுன் வாங்குகிறவனின் முகத்தை யாரும் பார்க்க வேண்டாம். கிளையில் நான் இரண்டையும் செய்திருக்கிறேன். கம்ப்யூட்டர் ஸ்கோர் வருவதற்கு முன்னால் ஆளைப் பார்த்துக் கடன் கொடுத்தோம், அதில் நல்லவர்களும் பிழைத்தார்கள், மேனேஜருக்கு வேண்டியவர்களும் பிழைத்தார்கள். எனக்கு எண்தான் மேல் என்று தோன்றுகிறது, ஆனால் அந்த எண்ணை யாருடைய சம்பளத்தைப் பார்த்துப் போட்டாய் என்று கேட்பேன்.

அமெரிக்கா போக நினைக்கிறவர்கள்தான் எங்கள் நகரில் அதிகம், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1882 சட்டத்திலேயே 'பொதுச் சுமையாக ஆகக்கூடியவர்' உள்ளே வரக்கூடாது. 1996-இல் அதைக் கறாராக்கி, 1997 டிசம்பர் 19 முதல் ஆதரவுப் பத்திரத்தைக் கோர்ட்டில் செல்லும் ஒப்பந்தமாக்கினார்கள். அழைப்பவருக்கு வறுமைக்கோட்டு வருமானத்தில் 125 சதவீதம் இருக்க வேண்டும். 2024-இல் இரண்டு பேர் குடும்பத்துக்கு 25,550 டாலர். தொகை இங்கிலாந்தை விடக் குறைவு. ஆனால் கையெழுத்துப் போடுமுன் யோசிக்க வேண்டும், விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு போகாது. நம் வங்கி ஜாமீன் மாதிரியேதான்.

அப்பா அங்கே ஆராய்ச்சிக்குப் போயிருந்தபோது பிறந்து, அமெரிக்கக் குடிமகனாகவே இங்கே வளர்ந்த பிள்ளைகள் சிலர் உண்டு. அப்படி ஒருவன் மும்பையில் லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டே மனைவியை அழைத்துப் போக விண்ணப்பித்தால், மும்பை வேலையை விட்டுவிட்டுப் போகிறவன் என்பதால் அந்தச் சம்பளம் கணக்கில் வராது. அங்கே குடியிருக்கப் போவதாகவும் நிரூபிக்க வேண்டும். குடிமகனின் மனைவி என்றால் குறைகிற தொகையைப் போல மூன்று மடங்கு சொத்துக் காட்டலாம், ஒரு வருஷத்துக்குள் காசாக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கே இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். எந்த மாமா போடுவார் என்பது அந்தந்தக் குடும்பத்துக்கே வெளிச்சம்.

வளைகுடாக் கதை உங்களில் பாதிப் பேருக்கு மனப்பாடம். அமீரகத்தில் 4,000 திர்ஹாம், அல்லது 3,000-மும் வீடும். குவைத்தில் 2024 ஜனவரியில் 800 தினார் ஆக்கினார்கள். சிங்கப்பூரில் 2018 முதல் 6,000 வெள்ளி இருந்தால்தான் மனைவிக்குப் பாஸ். கட்டட வேலைக்குப் போன பையனுக்கு அந்தப் பேச்சே கிடையாது.

சரி, விசாவே தேவைப்படாத மும்பைக்கு வந்த நம் ஆட்கள் மட்டும் உடனே குடும்பத்தைக் கொண்டுவந்தார்களா என்ன? மாட்டுங்காவில் ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்தெழுந்த பிரம்மச்சாரிகளில் பாதிப் பேருக்கு ஊரில் பிள்ளைகள் இருந்தன. சாலில் ஒரு அறைக்குப் பகடி கொடுக்கத் தாராவியில் சீட்டுக் கட்டினார்கள். அணுசக்தி நகரில் குவார்ட்டர்ஸ் சம்பளத்துக்குத் தக்கபடி. முறை வரும் வரை மனைவி பிறந்த வீட்டில். அண்ணாச்சியே கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்துத்தான் அண்ணியைக் கூட்டிவந்தார். "எனக்கு ஹவுஸ் அலாட்மென்ட் லெட்டர்தான்பா விசா" என்றார் ஒரு நாள்.

மறுவாரம் அண்ணாச்சி மகளோடு வந்தார். பணம் முழுவதையும் போட வேண்டாம், பையனும் தன் சேமிப்பைக் காட்டட்டும், கணவன் மனைவி இரண்டு பேர் கணக்கையும் கூட்டிக் காட்டலாம் என்று சொல்லியிருந்தேன். அவர் கேட்கவில்லை. பையனிடம் கேட்பது மரியாதை இல்லையாம். மகள் பெயரில் மட்டும் தனிக் கணக்குத் தொடங்கி, மூன்று பேர் டெபாசிட்டை உடைத்து மாற்றினோம். வட்டியில் கொஞ்சம் பிடிப்புப் போனது. வாரிசு நியமன இடத்தில் அந்தப் பெண் அப்பா பெயரை எழுதினாள். 2024 ஜூலை 8, திங்கட்கிழமை. ஆறு மாதம் அன்றிலிருந்து எண்ண வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் கொழும்பு மணியார்டர் ரசீதோ, பினாங்குக் கப்பல் டிக்கெட்டோ, அந்தக் காலத்துப் பெர்மிட்டோ கிடந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு காலி லெட்ஜர் மட்டும்தான்.